நேசராணி ஜன்னல்

ஹல்துமுல்லை டவுனில் ஓட்டோ ஏறி, "பிலிப்பு வீட்டுக்குப் போகணும்" என்று சொன்னால், "எந்தப் பிலிப்பு?" என்று கேட்பார்கள். "நேசராணி ஜன்னல்" என்று சொல்லுங்கள், மறுபேச்சு இருக்காது. தேயிலை மலைக்குள் வளைந்து இறங்கும் பாதையில், மாதா சுரூபத்தைத் தாண்டி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் கடைசி லயத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார்கள். நேசராணி கண்ணை மூடிப் பதினான்கு வருசமாகிறது. அந்த ஜன்னலுக்கு உள்ளே பன்னிரண்டு வருசமாக அடுப்பு ஊதிக்கொண்டிருப்பவள் விஜயலெட்சுமி. அவள் பெயரை இன்றுவரை ஒருவரும் ஒரு தண்ணீர்ப் பீலிக்குக்கூட வைக்கவில்லை.

இதற்குப் போய் ஒருத்தி வயிறெரிவாளா என்று கேட்கிறவர்கள், செத்துப்போன ஒருத்தியின் வீட்டில் இரண்டாம் தாரமாக ஒரு மாசம் குடியிருந்து பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

அவர்களுடைய காம்பரா, அதாவது வீடு, லயத்தின் தொங்கலில் கடைசியாக இருக்கிறது. ஒரு காலத்தில் அதுதான் பிள்ளைக் காம்பரா. கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம். அதனால்தான் மற்ற வீடுகளுக்கெல்லாம் புறாக்கூடு மாதிரி ஜன்னல் இருக்க, இதற்கு மட்டும் ஆள் படுக்கும் அகலத்தில் ஒன்று. அதன் அடிப்பலகை தடித்த பலாமரம். நேசராணி அந்தப் பலகையைக் கடையாக்கினாள். விடிந்தும் விடியாமலும் பெரட்டில் அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்கப் போகிற சனங்களுக்குத் தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும் அந்த ஜன்னல் வழியாகத்தான். கையில் காசு இல்லாதவளுக்கும் ரொட்டி கொடுப்பாள், அழுகிற பிள்ளைக்குச் சீனி தொட்டுக் கொடுப்பாள், பாட்டும் பாடுவாளாம். விஜயலெட்சுமி இதையெல்லாம் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போயிருந்தாள். செத்த மாடுதான் அதிகமாகப் பால் கறந்ததாம் என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள்.

அவள் கெட்டவள் இல்லை. சுவரில் தொங்கும் நேசராணி படத்தைத் துடைப்பதும், கல்லறைத் திருநாளுக்குப் பூ வாங்கிக் கட்டுவதும் அவள்தான். படத்தின் மேல் அவளுக்கு ஒரு கோபமும் கிடையாது. படம் சுவரோடு இருக்கிறது, பேசாமல் இருக்கிறது. ஜன்னல் அப்படியா? தினமும் ஊர் வாயில் அது ஏறி இறங்குகிறது. "நேசராணி ஜன்னலுக்கு நேரா எறங்கு", "நேசராணி ஜன்னல்கிட்ட பாம்பு கெடந்திச்சு", "நேசராணி ஜன்னல் பக்கம் லைட் இல்ல." அந்த ஜன்னலைத் திறப்பவள், மூடுபவள், மழைச் சாரல் அடித்தால் ஓடிவந்து சாக்குப் போட்டுத் துடைப்பவள் யார்? அதைக் கேட்க நாதியில்லை.

விஜயலெட்சுமி பிறந்தது லுணுகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். வயசுக்கு வந்த சூட்டோடு கொழுந்துக் கூடை தலைக்கு ஏறியது. தங்கச்சிமார் இரண்டு பேரைக் கரையேற்ற வெளிநாட்டுக்குப் போனவள், குவைத்தில் ஒரு வீட்டில் வருசக் கணக்காகப் பாத்திரம் கழுவி, ஜன்னல் துடைத்தாள். அந்த ஜன்னல்களை இப்போதும் கனவில் காண்பாள். விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும் அலுமினியச் சட்டம், ஒரு சொட்டுக் கறை இல்லாத கண்ணாடி. சமையலறையில் பளிங்குக் கல். கொதிக்கிற சட்டியைத் தூக்கி நேரே அதன் மேல் வைக்கலாம், கல்லுக்கு ஒன்றும் ஆகாது. திரும்பி வந்தபோது தங்கச்சிமாருக்குப் பிள்ளைகள் இருந்தன, அவளுக்கு முப்பத்திரண்டு வயசு இருந்தது. மாப்பிள்ளை என்று வந்தது பிலிப்பு ஒருவர்தான். தேயிலைத் தொழிற்சாலையில், அதாவது ஸ்டோரில், டிரையர் அறையில் வேலை. பெண்டாட்டி இல்லை, ரொஷானி என்று பத்து வயசில் ஒரு பெண் பிள்ளை. விஜயலெட்சுமி திருமுழுக்கு எடுத்தாள், ஈஸ்டர் கழித்துக் கோயிலில் தாலி ஏறியது, அந்த வீட்டுக்கு வந்து இறங்கினாள். அன்று ஜன்னல் பச்சை நிறத்தில் இருந்தது.

வந்த மறுநாள் காலையை அவளால் மறக்க முடியாது. பிலிப்பு இரவு வேலை முடிந்து வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றார். புருவம், மீசை எல்லாம் தேயிலைப் பஞ்சு. குளிக்காமல் வீட்டுக்குள் வரமாட்டார், அது அவர் வழக்கம். முதலில் ஜன்னலில் ஒரு பிளேன்டீ, பிறகுதான் பீலியில் குளியல். அவள் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்போது உள்ளே படுத்திருந்த பிள்ளை, "அம்மா!" என்று கூப்பிட்டது. கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். தன்னைக் கூப்பிட்டதாகவே நினைத்துவிட்டாள், பாவி. ஓடிப்போய்க் குனிந்தால், ரொஷானி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது. தூக்கத்தில் பிள்ளை கூப்பிட்டது வேறு ஒருத்தியை. அந்த வெட்கம் இன்றைக்கும் அவளுக்குக் காதுமடலில் சுடும். பிறகு ரொஷானி அவளிடம் சித்தி, சித்தி என்று ஒட்டிக்கொண்டது வேறு கதை. வயிற்றில் ஒன்று தங்காத குறையை அந்தப் பிள்ளைதான் தீர்த்தது. ஆனால் முதல் காலை முதல் காலைதானே.

அன்றைக்கே ஜன்னல் பலகையின் வலது ஓரத்தில் ஒரு பால்மா டின் வந்து உட்கார்ந்தது. அதில் ஒரு ஜெரேனியம் செடி. கிறிஸ்மசுக்கு வண்ணம் பூசிய பிறகு ஒரு தடவை துடைக்கும்போது அதை நகர்த்தி மறுபக்கம் வைத்தாள். பிலிப்பு அதை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தார். செடி பட்டுப்போனால் வேறு கிளை ஒடித்து வந்து நடுவார். டின் துருப்பிடித்தால் வேறு டின். இடம் மட்டும் மாறாது. விஜயலெட்சுமிக்கு விளங்கிவிட்டது. அங்கேதான் நேசராணி நின்று ரொட்டி கொடுத்திருப்பாள். செடிக்குத் தண்ணீர் ஊற்றும் ஒவ்வொரு முறையும் அவளுக்கு நெஞ்சு கசந்தது. ஆனாலும் ஊற்றினாள்.

இப்படியே போயிருக்கும். ஆனால் ரொஷானிக்கு நிச்சயம் வைத்துவிட்டார்கள். பிள்ளை பதுளையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள், மாப்பிள்ளை கொஸ்லந்த ஊர்ப் பையன். அவன் வீட்டார் வருகிறார்கள் என்றதும், விஜயலெட்சுமி பன்னிரண்டு வருச ஆசையை வாய் திறந்து சொன்னாள்.

"என்னங்க, அந்த ஜன்னல எடுத்துட்டு அலுமினியம் போட்டுருவமா? பலக உக்கிப் போச்சு. வர்றவங்க என்ன நெனப்பாங்க?"

பிலிப்பு தலையை ஆட்டினார். அவர் ஆட்டும் தலைக்கு ஆமா, இல்லை, பார்க்கலாம் எல்லாம் ஒன்றுதான். இருந்தாலும் அவள் அதை ஆமா என்று எடுத்துக்கொண்டு, ஹாட்வெயார் கடை ஸலீம் நானாவை அளவெடுக்க வரச் சொன்னாள். அவர் வந்து டேப்பை நீட்டினார், மடக்கினார், போனில் தன் வேலையாளைக் கூப்பிட்டார். "எங்கேயா? நேசராணி ஜன்னல்தான்டா. வேற எது?" என்று சொல்லிவிட்டு, போனை மூடி அவளைப் பார்த்துச் சிரித்தார். "தங்கச்சி, இந்த ஜன்னல்ல நானும் ரொட்டி தின்னிருக்கேன். அந்தக் கட்டச்சம்பல் ஒரப்பு இன்னும் நாக்குல இருக்கு."

"அளவ சரியா எடுத்தீங்களா நானா?" என்றாள் விஜயலெட்சுமி. நாக்கைப் பற்றி அவள் விசாரிக்கவில்லை.

ஸலீம் நானா போன பிறகு பிலிப்பு பேனாக்கத்தியை எடுத்துப் பலகையைக் குத்திப் பார்த்தார். வெளி ஓரம் மழையில் ஊறிப் பொதபொதவென்று கத்தியை வாங்கிக்கொண்டது. உள்ளே ஒரு அங்குலம் தாண்டியதும் கத்தி நின்றது.

"உள்ளுக்கு கல்லு மாதிரி இருக்கு விஜி. ஓரத்த மட்டும் வெட்டிட்டு துண்டு போட்டா போதும்."

"அளவெடுத்தாச்சேங்க."

"நல்ல பலா. இத எறிஞ்சிட்டு தகரத்தயா மாட்டுறது?"

இரண்டு வாக்கியம். அந்த மனுசனுக்கு அது பெரிய பிரசங்கம். அவள் ரொஷானியைப் போனில் பிடித்து ஒரு பாட்டம் முறையிட்டாள். அங்கேயும் அடி விழுந்தது. "ஐயோ சித்தி, அத கழட்டாதீங்க! அவங்க வீட்டுல எல்லாருக்கும் அந்த ஜன்னலப் பத்தி சொல்லி வச்சிருக்கேன்." விஜயலெட்சுமி, "சரிம்மா" என்று வைத்துவிட்டாள். அன்று சோற்றுக்கு உப்பு இல்லை. பிலிப்பு உப்பில்லாமலே சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார், அதுவும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

பிலிப்பு ஒரு வாரம் பகலில் தூங்குவதைக் குறைத்துக்கொண்டு பலகையோடு மல்லுக்கட்டினார். டின்னையும் செடியையும் எடுத்துப் பத்திரமாகக் கதவோரம் வைத்தார். உக்கிய ஓரத்தை வாளால் நேராக அறுத்து எடுத்தார். ஸ்டோரில் கழித்துப்போட்ட பழைய மேசைப் பலகையில் ஒரு துண்டு கேட்டு வாங்கிவந்து, வெயில் கண்ட நேரமெல்லாம் காயவைத்து, இழைத்து, பசை பூசி, ஆணி தெரியாமல் பொருத்தினார். வெடிப்புகளில் மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்தார். பிறகு வண்ணத்தை உரிக்கத் தொடங்கினார். உடைந்த போத்தல் கண்ணாடித் துண்டைக் கையில் பிடித்து, மரத்தின் நரம்பு போன திசையிலேயே இழுப்பார். வண்ணம் சுருள் சுருளாக வரும்.

கிறிஸ்மசுக்குக் கிறிஸ்மஸ் வண்ணம் பூசுகிற வீடு அது. விஜயலெட்சுமி வேலை செய்கிற சாக்கில் அந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தாள். போன வருச நீலம் போயிற்று. அதற்குக் கீழே வெள்ளை, மஞ்சள், மறுபடி நீலம். எல்லாம் அவள் காலத்து வண்ணம், அவள் ஸலீம் நானா கடையில் நின்று தெரிவு செய்தது. எல்லாவற்றுக்கும் அடியில் ரோஸ். அவள் வந்த வருசக் கிறிஸ்மசுக்கு வெட்கத்தோடு கேட்டு வாங்கிப் பூசியது. அதை உரிக்கும்போது பிலிப்பு ஒரு நொடிகூட நிற்கவில்லை. கண்ணாடி சர்ரென்று போயிற்று, ரோஸ் கீழே தூளாக விழுந்தது. ரோஸுக்குக் கீழே பச்சை வந்தது. அது நேசராணி பச்சை.

பச்சை வந்ததும் மனுசனின் கை மெதுவானது. விஜயலெட்சுமி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வலது ஓரத்தில், டின் இருந்த இடத்தில், பச்சை முழுக்கப் பொரிந்து கருகிக் கிடந்தது. அதைத் துடைத்ததும் பலகையில் ஒரு கருப்பு. அரைவட்டமாகக் கருகி, ஒரு பக்கம் கட்டைவிரல் பதியும் அளவுக்குப் பள்ளம் விழுந்த தழும்பு. சூடான இரும்பு எதையோ வைத்து எடுத்த மாதிரி. ரொட்டிக்கல்! வேறு என்ன? பிலிப்பு குனிந்து ஊதினார். கட்டைவிரலை அந்தப் பள்ளத்தில் வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தார். பிறகு சிரித்தார்.

பெரிய சிரிப்பொன்றும் இல்லை, மீசைக்குள்ளே போய்வந்த சிரிப்பு. ஆனால் பன்னிரண்டு வருசத்தில் விஜயலெட்சுமி அந்தச் சிரிப்பைக் கண்டதில்லை. சம்பளம் கூடியபோதும் இல்லை, ரொஷானி சோதனையில் பாஸானபோதும் இல்லை. அவளைப் பார்த்து நிச்சயமாக இல்லை. தாலி கட்டிக்கொண்டு குத்துக்கல்லாட்டம் இங்கே ஒருத்தி நிற்கிறேன், ஒரு கருகிப்போன பலகையைப் பார்த்துச் சிரிக்கிறாரே என்று நினைத்தாள்.

இரண்டு நாளில் பலகை முழுக்க வெளுத்து, பலாமரத்தின் மஞ்சள் பளிச்சென்று வந்துவிட்டது. அந்தக் கருப்பைத் தவிர. அதைச் சுற்றி மண்கடதாசி போட்டுத் தேய்த்தார், அதைத் தொடவில்லை.

"அத ஏங்க விட்டு வச்சிருக்கீங்க?"

"கெடக்கட்டும்."

"ஏன் கெடக்கணும்? அசிங்கமா தெரியுதே."

"சும்மா கெடக்கட்டும் விஜி. நாளைக்கி எண்ணெ போட்டா எல்லாம் ஒண்ணா ஆயிரும்."

சும்மாவாம். அந்த ஒரு சொல்லுக்காக அவள் அவரை விளக்குமாற்றால் அடித்திருப்பாள். ஏதோ ஒரு காரணம் சொல்லியிருக்கலாம், பொய்யாவது சொல்லியிருக்கலாம். சும்மா என்று ஆண்பிள்ளை சொன்னால் உள்ளே ஒரு பெட்டி பூட்டிக் கிடக்கிறது என்று அர்த்தம். அந்தப் பெட்டிக்குள்ளே யார் இருக்கிறாள் என்று விஜயலெட்சுமிக்குத் தெரியும்.

அன்று பின்னேரம் பிலிப்பு சோற்றுப் பார்சலை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனார். அவர் தலை தேயிலைக்குள் மறைகிறவரை பொறுத்திருந்தாள். மலையிலிருந்து மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. நாளைக்கு எண்ணெய் போட்டுவிட்டால் அந்தத் தழும்பு சாகும்வரைக்கும் அங்கேதான். வருகிற சம்பந்தி வீட்டார் கேட்பார்கள். ரொஷானி தொட்டுக் காட்டி, எங்கம்மா ரொட்டிக்கல் வைத்த இடம் என்பாள். எல்லோரும் உச்சுக்கொட்டுவார்கள். இவள் தேத்தண்ணீர்த் தட்டோடு நின்று அதைக் கேட்கவேண்டும். விஜயலெட்சுமி கண்ணாடித் துண்டை எடுத்தாள்.

முதல் இழுப்புக்கு ஒன்றும் வரவில்லை. கரி மேலே மட்டும் இல்லை, மரத்துக்குள் இறங்கியிருந்தது. உளியைக் கொண்டுவந்து கரியை ஓரத்திலிருந்து பெயர்த்தாள். அவ்வளவு சுலபத்தில் போவேனா என்று அதுவும் நின்றது. "நல்லவதான் நீ," என்று பலகையோடு பேசினாள். "ஊருக்கெல்லாம் ரொட்டி போட்ட மகராசி. எனக்கு ஒரு ஓரம் விட்டுட்டுப் போனா கொறஞ்சா போவ?"

விறகுக் கட்டோடு பாதையில் போன கருப்பம்மா நின்றாள். பக்கத்து லயத்துக்காரி, நல்ல மனசு, வாய்தான் கொஞ்சம் இடம் பொருள் தெரியாத வாய்.

"என்ன விஜி, நேசராணி ஜன்னல நீயும் செரண்டுறியா?"

"ஆமாக்கா. நேசராணி ஜன்னலத்தான்," என்று சொல்லிவிட்டு உளியை இன்னும் ஒரு அழுத்து அழுத்தினாள். ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரத்துக்குக் கைவேலை சுத்தமாக வரும் என்பதை யாரும் சொல்வதில்லை. விளக்குப் போடும் நேரத்துக்குக் கருப்பு ஒரு பொட்டு இல்லாமல் போய்விட்டது. பள்ளம் கொஞ்சம் அகலமாகி, உள்ளங்கை மாதிரிச் சரிந்து, புதுப் பலாச்சுளை நிறத்தில் மின்னியது. மண்கடதாசி போட்டு இழைத்தும் விட்டாள். கை வலித்தது. அன்று நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள். அதை ஒளிப்பானேன்.

காலையில் கேத்தலில் தண்ணீர் கொதிக்கும்போதே செருப்புச் சத்தம் கேட்டது. பிலிப்பு ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். தேயிலைப் பஞ்சு வழக்கம்போல மீசையில். கிளாசுக்குக் கை நீட்டப் போனவர், பலகையைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கினார். குனிந்தார். கட்டைவிரல் தன்னாலே அந்தப் பள்ளத்துக்குப் போயிற்று, அங்கே பிடிக்க ஒன்றும் இல்லாமல் வழுக்கியது.

"செரண்டிட்டியா," என்றார்.

திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அந்தக் குரலில் திட்டு இல்லை. ஆசையாக வைத்திருந்த சாமானைத் தொலைத்துவிட்டு நிற்கும் பிள்ளையின் முகம். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஆமா, செரண்டிட்டேன்! என்ன பண்ணப் போறீங்க? பன்னெண்டு வருசமா இந்த வீட்டுல சட்டி கழுவுறது நான். டின்னுக்குத் தண்ணி ஊத்துறது நான். ஆனா சிரிக்கிறது யாரப் பாத்து? செத்துப்போன நேசராணி ரொட்டிக்கல் வச்ச தழும்பப் பாத்து! எனக்கு வயிறு எரியாதா? நான் மனுசி இல்லியா?"

பக்கத்து வீட்டுக் கதவு ஒன்று திறந்து, மரியாதையாக மறுபடி மூடிக்கொண்டது.

"நேசராணியா?" என்றார் பிலிப்பு. "அவ ஒருநாளும் கல்ல பலகையில வச்சதில்ல. சாக்க நாலா மடிச்சுப் போட்டுத்தான் வைப்பா. இத்தன வருசம் வியாவாரம் செஞ்சும் இதுல ஒரு கீறல் உண்டா? நீயே பாரு."

அவள் பார்த்தாள். உண்மைதான். உரித்த பலகையில் வேறு ஒரு சூட்டுக்குறி கிடையாது.

"அப்ப அது யாருது?"

"ஒன்னோடதுதான்."

பிலிப்பு தோளில் கிடந்த துவாயால் மீசையைத் துடைத்தார். நீளமாகப் பேச வேண்டிவந்ததில் அவருக்கே கொஞ்சம் சங்கடம்.

"நீ வந்த மறுநாள். எனக்கு இங்கன தேத்தண்ணி ஊத்திக்கிட்டு நின்ன. புள்ள உள்ளுக்கிருந்து அம்மான்னு கூப்புட்டுச்சு. நீ கேத்தல அப்படியே பலகையில போட்டுட்டு ஓடுன. அடுப்புல இருந்து எடுத்த கேத்தலு, அடியில நெருப்புத் துண்டு ஒட்டிக்கிட்டு இருந்திச்சு. பச்சைப் பெயின்ட் புகைஞ்சு, பலகையே பத்தப் பாத்திச்சு. நான்தான் கேத்தல தூக்கி, கிளாசுல இருந்த தேத்தண்ணிய ஊத்தி அணச்சேன்."

"எனக்கு ஞாபகமே இல்லியே," என்றாள். அவளுக்கு அந்தக் காலையில் ஞாபகம் இருந்ததெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பிய ஒரு சின்ன முதுகுதான்.

"ரொஷானி கண்டிருந்தா, எங்கம்மா ஜன்னல சுட்டுட்டாள்னு ஒன்ன அண்ட விட்டிருக்காது. சின்னப் புள்ள, அப்ப அதுக்கு இந்தப் பலகைன்னா உசுரு. அதான் டின்ன வச்சு மறச்சேன். பொறகு கிறிஸ்மசுக்குப் பெயின்ட் பூசுனாலும் பள்ளம் தெரிஞ்சிச்சு. டின்னும் அப்படியே இருந்திருச்சு."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ வெக்கப்படுவ."

"சிரிச்சீங்களே. அது எதுக்கு?"

பிலிப்பு பாதையைப் பார்த்தார், பீலியைப் பார்த்தார். தப்பிக்க வழி இல்லை என்று கண்டு அவளையே பார்த்தார்.

"எம் புள்ள அம்மான்னதும் கொதிக்கிற கேத்தலக் கூட பாக்காம ஓடுனியே. அத நெனச்சுத்தான். அன்னைக்குத்தான் எனக்கு மனசு ஆறிச்சு, இனிப் பயமில்லன்னு." இவ்வளவு சொன்னதே அதிகம் என்பது போல அவர் பீலிப் பக்கம் நடந்துவிட்டார்.

விஜயலெட்சுமி பலகை முன்னால் நின்றாள். எவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறாள்! ஒரு கரித்தூள்கூட இல்லை. அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு விரல் இடம், அதையும் அவளே உளி போட்டு எடுத்துவிட்டாள். இனி யார் மேல் பொறாமைப்பட? நேசராணி பாவம், சுவரில் சிரித்துக்கொண்டு சும்மா இருந்தாள். ஆனாலும் வயிறு எரிவது நிற்கவில்லை. யோசித்துப் பார்த்தால் இப்போது எரிந்தது அந்தப் புதுப்பெண் மேல். கேத்தலைப் போட்டுவிட்டு ஓடினாளே முப்பத்திரண்டு வயசில் ஒருத்தி, அவள் மேல். பன்னிரண்டு வருசமாக இந்த மனுசன் மனசுக்குள் வைத்துப் பார்த்துச் சிரித்தது அவளை. டின் வைத்துக் காத்தது அவளை. இங்கே கால் வீங்க நின்று சோறாக்கியவளுக்கு ஒரு சொல்லும் வரவில்லை. அந்தக் கழுதை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் விறுவிறுவென்று அடுப்படிக்குப் போனாள். கேத்தல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. கரித்துணியால் பிடித்துத் தூக்கினாள். அடியில் கங்கு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தாள், இருந்தது. அதைத் தட்டிவிடவில்லை.

பிலிப்பு தலை துவட்டிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தபோது, அவள் கேத்தலைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். கீழே புதிதாக இழைத்த மஞ்சள் பலகை, இன்னும் எண்ணெய் போடாதது. மடித்த சாக்கு பக்கத்தில்தான் கிடந்தது. பிலிப்பு சாக்கைப் பார்த்தார், கேத்தலைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார்.

"விஜி, ஒரு வாரத்து வேல," என்றார் மெதுவாக.

விஜயலெட்சுமி கேத்தலை அந்தப் பள்ளத்தில் நங்கென்று வைத்தாள். மரம் சீறியது. புகை ஒரு நூல் மாதிரி எழும்பி இருவருக்கும் நடுவில் நின்றது. பலாமரம் கருகுகிற வாசம் வந்தது. பிலிப்பு சற்று முன் குடிக்காமல் விட்ட கிளாசுத் தேத்தண்ணீரை எடுத்து ஊற்றக் கை ஓங்கியவர், ஊற்றவில்லை. மீசைக்குள்ளே அது வந்துவிட்டது, அந்தச் சிரிப்பு. நேருக்கு நேராக, அவளைப் பார்த்து.

"போதும், எடு எடு, பத்திக்கப் போகுது!"

அவள் எடுத்தாள். அரைவட்டமாக ஒரு கருப்பு, பழைய அதே இடத்தில். பிலிப்பு பழக்க தோஷத்தில் கதவோரம் இருந்த பால்மா டின்னுக்குக் கை நீட்டினார், செடியோடு அதைத் தூக்கிப் பலகைக்குக் கொண்டுவந்தார். விஜயலெட்சுமி அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"டின்னு வேணாங்க," என்றாள். "சம்பந்தி வீட்டுக்காரங்க வரட்டும். பாக்கட்டும். யாரு வச்சதுன்னு கேட்டா, நானே சொல்லிக்கிறேன்."